எடைக்குப் போன ஷெனாய், ஏலத்துக்குப் போன கிடார்

ஓசூர் ஆலைகளிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று இன்ஜினில் இருக்கும், இன்னொன்று சேசிஸில் அடித்திருக்கும். டிவிஎஸ் பைக்காக இருந்தாலும் அசோக் லேலண்ட் லாரியாக இருந்தாலும், பத்து வருடம் கழித்து ஏதோ ஓர் ஊர் மெக்கானிக் ஷெட்டில் நிற்கும்போது அந்த எண்ணை வைத்தே அது எந்த வருடத்து வண்டி என்று சொல்லிவிடலாம். டைட்டன் கைக்கடிகாரத்தின் பின்மூடியிலும் எண் இருக்கிறது. எது எங்கே, எப்போது, யார் கையால் ஆனது என்று எழுதிவைப்பது இந்த ஊருக்குத் தொழில்.

அதே ஊரில் சனிக்கிழமை மாலை பெங்களூரு பஸ் ஏறினால், தோளில் கிடார் பையோடு ஓரிரு இளைஞர்களைப் பார்க்கலாம். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி, அப்புறம் எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நாற்பது கிலோமீட்டர். இந்த எல்லையோரத்துப் பிள்ளைகளுக்கு ராக் இசை பெங்களூரு வழியாகத்தான் வந்தது. 2003-ல் ரோலிங் ஸ்டோன்ஸும் 2007-ல் அயர்ன் மெய்டனும் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள்.

அந்தப் பையில் இருப்பது பெரும்பாலும் இருபது, முப்பதாயிரம் ரூபாய்க் கிடாராக இருக்கும். யாரோ வாசித்துவிட்டுப் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட செகண்ட் ஹேண்டாகவும் இருக்கலாம். அதே உடல் வடிவம், அதே மூன்று பிக்கப், அதே ஆறு கம்பி கொண்ட இன்னொரு கிடார் 2019 ஜூன் 20 அன்று நியூயார்க்கில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தது. ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் டாலர்வரை போகும் என்று ஏலக்காரர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். போனது 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு. அன்றைய மதிப்பில் 27 கோடி ரூபாய்க்கு மேல்.

அது பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் வாசித்த ‘பிளாக் ஸ்ட்ராட்’ என்ற ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். 1970-ல் நியூயார்க்கின் மேனிஸ் கடையில் அவர் வாங்கிய சாதாரணக் கடைச்சரக்கு. அதன் உடம்பை அருகில் போய்ப் பார்த்தால் ஒரு விஷயம் திகைக்க வைக்கும். வாங்கும்போது இருந்த நெக் இப்போது அதில் இல்லை, பலமுறை மாறிவிட்டது. பிக்கப் மாறியிருக்கிறது. அதிர்வுக் கம்பியை வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்கள். ஸ்விட்ச் ஒன்று கூடுதலாக வந்திருக்கிறது. கறுப்பு வண்ணமே பழைய வண்ணத்தின் மேல் பூசியதுதான். நடுவில் பத்து வருடத்துக்கு மேல் அமெரிக்காவில் ஓர் உணவகத்தின் காட்சிப் பொருளாகவும் தொங்கியது. மரமாகவும் கம்பியாகவும் பார்த்தால், பழைய இரும்புக்கடையில் சேர்த்துக் கட்டிய சைக்கிளுக்கு நிகர்.

அப்படியென்றால் 27 கோடி எதற்கு? எந்தப் பாகம் எந்த வருடம் கழற்றப்பட்டது, எந்தப் பாகம் ஏறியது, எந்த இசைத்தட்டில் எந்தக் கோலத்தில் இந்தக் கிடார் ஒலித்தது என்று அத்தனையும் எழுத்தில் இருந்தது. கில்மோரின் கிடார்களைப் பல ஆண்டுகள் பராமரித்த ஃபில் டெய்லர், இந்த ஒரு கிடாரின் வரலாற்றை மட்டுமே தனிப் புத்தகமாக எழுதியிருக்கிறார். ஏலத்தில் கை தூக்கியவர் அந்த மரத்தோடு அந்தப் புத்தகத்தையும் சேர்த்துத்தான் வாங்கினார்.

கிடார் கலைஞர் எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’ கதையும் இதே ரகம். 1970-ல் நாஷ்வில் கடை ஒன்றில் மலிவு விலைக்குப் பழைய ஸ்ட்ராட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து, சிலவற்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒன்றாகக் கட்டினார். 2004-ல் அது 9 லட்சத்து 59 ஆயிரத்து 500 டாலருக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து ஃபெண்டர் நிறுவனம் அதைப் போலவே 275 நகல்கள் செய்தது. தேய்ந்த இடம், சிகரெட் சுட்ட கறை உட்பட எல்லாம் அச்சு அசல். நகலில் கறை இருந்தது; அந்தக் கறை விழுந்த ராத்திரி இல்லை. விலையில் இருந்த வித்தியாசம் அதற்குத்தான்.

கைக்கடிகாரம் கட்டும் ஊருக்கு இது எளிதில் புரியும். நடிகர் பால் நியூமேன் கட்டியிருந்த ரோலெக்ஸ் 2017-ல் ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்குமேல் ஏலம் போனது. பின்மூடியில் அவர் மனைவி, காரைப் பார்த்து ஓட்டச் சொல்லி மூன்று சொல் பொறித்துக் கொடுத்திருந்தார். அதே மாடல் அதே வருடத்துக் கடிகாரம் வேறு யார் கையில் இருந்தாலும் அந்த விலையை நெருங்காது. ரோஜா வளர்க்கும் தளி, பாகலூர் விவசாயிக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பிப்ரவரி 14-க்கு முன் அவர் பூவுக்குக் கிடைக்கும் விலை, தேதி தாண்டியதும் இறங்கிவிடுகிறது. இதழும் மணமும் மாறவில்லை. பூவோடு ஒட்டியிருந்த நாள் போய்விட்டது.

இனி நம் பக்கம் வருவோம். இங்கேதான் நெஞ்சு கனக்கிறது.

ஷெனாய் மேதை உஸ்தாத் பிஸ்மில்லா கான் பாரத ரத்னா. 1947-ல் நாடு விடுதலை பெற்றபோது செங்கோட்டையில் வாசித்தவர். அவர் 2006-ல் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2016 டிசம்பரில், வாரணாசியில் அவர் மகன் வீட்டிலிருந்து ஷெனாய்கள் திருடுபோயின. வெள்ளியால் ஆனவை நான்கு, வெள்ளி பதித்த மரத்தால் ஆனது ஒன்று. அவற்றில் முன்னாள் பிரதமர் நரசிம்ம ராவ் பரிசளித்ததும் உண்டு. அடுத்த மாதமே போலீஸ் ஆட்களைப் பிடித்தது. குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் கைதானார். இரண்டு நகைக் கடைக்காரர்களும் பிடிபட்டனர். ஷெனாய்கள் கைமாறிய தொகை 17,000 ரூபாய் என்றது போலீஸ். கையில் கிடைத்ததில் பெரும்பகுதி உருக்கிய வெள்ளி, ஏறத்தாழ ஒரு கிலோ.

அதாவது, வாங்கியவர் தராசில் போட்டார். அந்த வெள்ளிக் குழலுக்குள் யாருடைய மூச்சு போனது என்று தராசு கேட்காது. எந்தக் கச்சேரியில் எந்த ஷெனாய் ஒலித்தது, எது யார் கொடுத்தது, எதில் என்ன அடையாளம் என்று ஊரறிய ஒரு பதிவேடு இருந்திருந்தால், அதைத் தொடவே நகைக் கடைக்காரர் பயந்திருப்பார். கறுப்புக் கிடாருக்கு ஒரு புத்தகம் இருந்தது. இந்த ஷெனாய்களுக்கு ஒரு பக்கம்கூட இல்லை.

இதே கணக்கைத் தமிழ்த் திரையிசைக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய வேளை இது. ‘மூடுபனி’ 1980-ல் வந்தது. பிரதாப் போத்தன் கையில் கிடாரோடு பாடும் அந்தப் பாட்டு நாற்பது வருடம் தாண்டியும் ஒவ்வொரு கிடார் வகுப்பிலும் முதல் மாதப் பாடம். 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’யின் இளைய நிலா பாட்டில் கிடார் தனியாகப் பேசும் இடங்களை மனப்பாடமாக முணுமுணுக்கத் தெரியாத தமிழர் குறைவு. திரையில் நடிகர் பிடித்திருந்த கிடாரை எல்லோரும் பார்த்தோம். ரெக்கார்டிங் தியேட்டருக்குள் கிடார் கலைஞர் சந்திரசேகர் வாசித்த கிடாரை யார் பார்த்தது? அதன் தயாரிப்பு எது, எந்த வருடத்தது, இன்று எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டால் ரசிகர் கூட்டம் கையை விரிக்கும். இளையராஜாவின் குழுவில் பல்லாண்டு வாசித்த சதா மாஸ்டர் என்ற சதானந்தம், பேஸ் கிடாரில் சசிதரன் என்று பெயர்களாவது இன்று இசைப் பிரியர்களுக்குத் தெரிகிறது. கேசட் அட்டையில் அன்று இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் மூவரோடு இடம் முடிந்துவிடும். வாசித்தவர் கால்ஷீட் முடிந்ததும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். 1990-களில் ஏ.ஆர். ரஹ்மான் வாசித்தவர்களின் பெயரை அட்டையில் போட ஆரம்பித்தது சின்ன விஷயமாகத் தெரியலாம். பேஸ் கிடாரில் கீத் பீட்டர்ஸ் என்ற பெயரைத் தமிழ் ரசிகர் தெரிந்துகொண்டதே அதனால்தான். ஆனால் அதிலும் ஆளின் பெயர் உண்டு, கருவியின் எண் இல்லை.

இளையராஜாவே கிடார் கலைஞராக வாழ்க்கையைத் தொடங்கியவர். தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிகல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். ‘அன்னக்கிளி’க்கு முன் அவர் எடுத்து வாசித்த கிடார் ஒன்று, ஆவணத்தோடு, இன்று ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் அதற்கு என்ன விலை சொல்வது? விலை சொல்வதற்கே முதலில் அது எது என்று தெரிய வேண்டும். 2020 டிசம்பரில், அவர் பல பத்தாண்டுகள் இசையமைத்த ஸ்டுடியோ தொடர்பான வழக்கில், ஒருநாள் உள்ளே போய்த் தன் பொருட்களை எடுத்துவர சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு அனுமதி கொடுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பேச்சில்லை. தமிழர்களின் பாதி வாழ்க்கைக்குப் பின்னணி வாசித்த நோட்ஸும் கருவிகளும் கிடக்கும் இடம், நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கும் அளவுக்குத் தெளிவில்லாமல் இருந்தது என்பதே கவலை.

மாண்டலின் ஸ்ரீனிவாஸ் இன்னொருவர். எட்டுக் கம்பி மாண்டலினை ஐந்து கம்பியாக்கி, மின்சாரத்தில் பேச வைத்து, கர்னாடக மேடைக்குக் கொண்டுவந்தார். கமகம் பிடிக்கவே வராது என்று பெரியவர்கள் நினைத்த கருவி அது. 2014 செப்டம்பர் 19 அன்று 45 வயதில் மறைந்தார். மின்சாரக் கருவி ஒன்றைத் தென்னிந்தியச் சங்கீதம் தன்னுடையதாக்கிக்கொண்ட வரலாற்றில் அவர் கையில் இருந்த அந்தச் சின்ன உடம்புக்கு உள்ள இடம், ராக் வரலாற்றில் பிளாக் ஸ்ட்ராட்டுக்கு உள்ள இடத்துக்குக் குறைந்ததில்லை.

எழுதிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிடார் சாட்சி. 1961-ல் ஹாம்பர்க் நகரில் 30 பவுண்டு அளவில் அவர் வாங்கிய ஹோஃப்னர், 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோனது. ஐம்பது வருடம் கழித்து, ஹோஃப்னர் நிறுவனத்தோடு தொடர்புடைய ஒருவரும் இரண்டு பத்திரிகையாளர்களும் தேடத் தொடங்கினார்கள். பழைய புகைப்படங்கள், பிக்கப் பொருத்தியிருந்த விதம், பழுது பார்த்த தடயம் என்று எல்லாவற்றையும் பொதுவெளியில் போட்டு, பார்த்தவர் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு வீட்டுப் பரணில் அது கிடந்தது. 2024 பிப்ரவரியில் உரியவரிடம் திரும்பியதாக அறிவிப்பு வந்தது. பரணில் ஏதோ பழைய கிடார் கிடக்கிறது என்ற நினைப்பு, இது அதுதான் என்ற தெளிவாக மாறியது புகைப்படத்தால். நம் வீட்டுப் பரண்களில் கிடப்பவற்றுக்கு அந்தப் புகைப்படம் எங்கே?

இந்தியக் கருவி என்றாலே சந்தை இளைத்த விலை போடுகிறது என்ற மனக்குறையையும் சொல்லாமல் விட முடியவில்லை. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1965-ல் சிதார் வாசித்துப் பதிவுசெய்த பாட்டு, மேற்கத்திய பாப் இசையின் காதையே திருப்பியது. கொல்கத்தாவில் செய்யப்பட்ட அந்த சிதார் 2017-ல் 62,500 டாலருக்குத்தான் போனது. அதே ஹாரிசன் இளமையில் வாசித்த ஃபியூச்சுராமா கிடார் 2024-ல் 12 லட்சத்து 70 ஆயிரம் டாலர். ஒரே மனிதரின் இரண்டு கைப்பொருள், இருபது மடங்கு வித்தியாசம். எலெக்ட்ரிக் கிடார் சேகரிப்பவர்களுக்கு எண், தேதி, தயாரிப்பு விவரம் என்று அரை நூற்றாண்டு எழுத்துப் பழக்கம் இருக்கிறது. சிதாருக்கும் வீணைக்கும் அந்தப் பழக்கத்தை யாரும் உண்டாக்கவில்லை.

மரத்தின் கதையும் இதையேதான் சொல்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் மரம்தான், பிரேசில் ரோஸ்வுட் அருகிப்போன பின் உலகக் கிடார்களின் விரல்பலகையாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் கிடார் ஆலைகளில் சோதனை போட்டு, இந்தியாவிலிருந்து போன ஈட்டி, கருங்காலிப் பலகைகளைப் பறிமுதல் செய்தார்கள். அடுத்த வருடம் அபராதத்தோடு சமரசம் ஆனது. இந்திய மரம் திரும்பக் கிடைத்தது. கிப்சன் என்ன செய்தது? அந்தப் பலகைகளைக் கொண்டே ‘கவர்ன்மென்ட் சீரிஸ்’ என்று தனி வரிசைக் கிடார் போட்டு, சோதனைக் கதையையே சரக்கின் சிறப்பாக்கி விற்றது. மரம் இங்கே வளர்ந்தது. அதன் மேல் கதை எழுதத் தெரிந்தவர் அங்கே இருந்தார்.

கோடிக்கணக்கில் கிடார் வாங்குவது பணக்காரர் விளையாட்டு, அதைப் பற்றிக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்து கவலைப்பட என்ன இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. ராக் பாடகர் கர்ட் கோபேன் வாசித்த மார்ட்டின் கிடாருக்கு 2020-ல் 60 லட்சம் டாலர் கொடுத்ததைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் பணம் எங்கே போனது என்பதையும் பார்க்க வேண்டும். கில்மோர் 2019-ல் விற்ற அத்தனை கிடார்களும் சேர்ந்து ஈட்டிய 2 கோடியே 14 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை, பருவநிலைக்காக வழக்காடும் கிளையன்ட் எர்த் அமைப்புக்குப் போனது. பிளாக்கி விற்ற பணம் போதைப் பழக்கத்திலிருந்து மீட்கும் மையத்துக்கு. 2005-ல் கத்தாரில், ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட ஆசிய மக்களுக்கு உதவி திரட்ட, மிக் ஜாக்கர், கிளாப்டன், மெக்கார்ட்னி உள்ளிட்ட பலர் கையெழுத்திட்ட ஒரு வெள்ளை ஸ்ட்ராட் 27 லட்சம் டாலருக்கு விலைபோனது. அவர்களில் யாருடைய பாட்டிலும் அந்தக் கிடார் ஒலித்ததில்லை. வெறும் கையெழுத்துக்கே அந்தப் பணம் திரண்டது. நாகப்பட்டினமும் கடலூரும் கண்ட துயரத்தின் பெயரால் ஒரு மரத்துண்டு அவ்வளவு ஈட்ட முடியும் என்றால், அதை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது.

நம் ஊரில் இதற்கு இன்னும் நெருக்கமான காரணம் இருக்கிறது. ரெக்கார்டிங்குக்குச் சம்பளத்துக்கு வாசிக்கும் செஷன் கலைஞர்களில் பலருக்கு முதுமையில் ஓய்வூதியமோ ராயல்டியோ இல்லை. 1991-க்கு முன், இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலத்தில், ஒரு நல்ல வெளிநாட்டுக் கிடார் கையில் கிடைப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. அப்படி அரும்பாடுபட்டு வாங்கியதை மருத்துவச் செலவுக்காக விற்கப் போனால், பழைய கிடார் என்ற விலைதான் கிடைக்கும். எந்தெந்தப் பாட்டு அந்தக் கம்பிகளில் பிறந்தது என்பதற்கு ஒரு தாள் இருந்தால், கோடி வராது; ஆனால் பழைய கிடார் விலையோடும் நிற்காது.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் இருக்கிறது. மூத்த உறுப்பினர் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் ஒரு கேமராவோடு போய், கருவியின் எண், வாங்கிய இடம், வாசித்த பாடல்கள், பழுது பார்த்தவர் பெயர் என்று ஒரு பதிவேடு தொடங்கலாம். மாநில இசைப் பல்கலைக்கழகம் 2013 முதல் இயங்குகிறது. எழும்பூர் அருங்காட்சியகம் 1851 முதல் இருக்கிறது. ஒன்று பதிவேட்டைக் காக்கட்டும், இன்னொன்று பெட்டி கொடுக்கட்டும். தொல்பொருள் சட்டம் நூறு வயது ஆன பொருளைத்தான் பொருட்படுத்தும். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிறந்ததே 1954-ல். சட்டம் வந்து காக்கும் என்று காத்திருந்தால் இன்னும் ஒரு தலைமுறை போய்விடும்.

முடியாத காரியம் என்பவர்களுக்கு கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைவூட்டலாம். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த அவர், ஊர் எடைக்குப் போட்ட தமிழ் அச்சுத் தாள்களை ஆயுள் முழுக்கச் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிச் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைநிறுத்தியது. ரவிசங்கரின் 1961-ம் ஆண்டு சிதார் ஒன்று 2017-ல் குடும்பத்தாரின் கொடையாக பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தியாவுக்குள்ளேயே, பெங்களூரு ஜே.பி. நகரில் 2019-ல் திறந்த இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் அருங்காட்சியகத்தில் பிஸ்மில்லா கானின் ஷெனாய் ஒன்று பத்திரமாக இருக்கிறது. ஓசூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். தமிழ்த் திரையிசையின் கிடார்களுக்கு அப்படிப் போய்ப் பார்க்க ஓர் இடம் கிடையாது.

சனிக்கிழமை பஸ் ஏறும் அந்த இளைஞரிடமிருந்தே இது தொடங்கலாம். அடுத்தமுறை கம்பி மாற்றும்போது கிடாரைக் குப்புறப் போட்டு, நெக்கை உடம்போடு பிடித்திருக்கும் திருகாணித் தகட்டைப் பார்க்க வேண்டும். பழைய ஃபெண்டர்களில் அந்தத் தகட்டிலேயே எண் இருக்கும்; 1976-க்குப் பிந்தையவற்றில் பெரும்பாலும் தலைப்பகுதியில். அதை மொபைலில் ஒரு படம் எடுத்து, வாங்கிய கடை, தேதி, கொடுத்த பணம், முதலில் மேடையேறிய ஊர் நான்கையும் கீழே எழுதி, வீட்டில் ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் கோப்பில் சொருகிவைக்கலாம். ஆலை ஷிப்டில் இந்த ஊர் தினமும் செய்கிற வேலைதான். வீட்டுக் கருவிக்கு ஐந்து நிமிடம் போதும்.